வியாழக்கிழமை மசாலா பூரி

பக்கவாதத்தில் வலப்பக்கம் செயலிழந்த என் கணவர் பீட்டரை நான் ஒருத்தியாகவே கவனித்துவந்தேன். வேறு யார் செய்தாலும் ஒழுங்காக இருக்காது என்று நினைப்பு. ஒரு வியாழக்கிழமை அவருக்கு இட்லி ஊட்டும்போதே கண்ணயர்ந்துவிட்டேன். இனி என்னால் முடியாது, நாளைக்கே ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்துவிடுவோம் என்று முடிவெடுத்தேன்.

அன்று மதியம் எதிர்வீட்டு அந்தோணி வந்தார்.

"அண்ணி, சர்ச்சுல நவநாள். அண்ணனை நான் கூட்டினு போறேன். நீங்க படுங்க."

"இருங்க, துண்டு, ஸ்வெட்டர், பிளாஸ்க் எடுத்து வைக்கிறேன்."

"பக்கத்துத் தெருவுக்குப் போறோம் அண்ணி, ஊட்டிக்கா?"

மறுக்கவும் தெம்பில்லை. படுத்தவள் சாயங்காலம்தான் எழுந்தேன். சக்கர நாற்காலி வாசலுக்கு வந்தபோது, நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையெல்லாம் மசாலா பூரி.

"யாரு இப்படி ஊட்டுனது?"

"சர்ச் வாசல் கடையில நானேதான் சாப்ட்டேன், இடது கையால," என்றார் பீட்டர், வாயெல்லாம் சிரிப்பாக. "நீ இருந்தா விடுவியா?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. களைத்துப்போனது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். பாவம், என்னிடமிருந்து அவருக்கும் ஒரு விடுமுறை தேவைப்பட்டிருக்கிறது.

பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கும் எண்ணத்தை அத்துடன் விட்டேன். இப்போது வியாழக்கிழமைகள் அந்தோணியுடையவை. மற்ற நாட்களில் இட்லித் தட்டை பீட்டர் பக்கமே நகர்த்திவிட்டு, சிந்துவதைப் பார்த்தும் பார்க்காததுபோல் என் காபியைச் சூடாகக் குடிக்கிறேன்.