குப்புற ஒட்டிய ஏழு சில்வண்டுகள்

மெஹர் அக்கா மவுத்தாகிவிட்டார் என்று அவருடைய தம்பி கல்மண்டபத்திலிருந்து போன் செய்தபோது, அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது நிம்மதி. நல்லவேளை, போன வாரமே அவரிடம் சொல்லிவிட்டேன். கேட்கிற உங்களுக்கு இது விபரீதமாகப் படலாம். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் இறங்கும் மரங்களில் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பது எங்கள் வேலை. பூச்சிக்குப் பெயர் சொல்வதில் அக்காவை மிஞ்ச ஆளில்லை. ஆப்பிரிக்கத் தடிகளின் பட்டை இடுக்கில் செத்துக் கிடந்த ஏழு ஆண் சில்வண்டுகளை நான்தான் எடுத்தேன். இறக்கைப் புள்ளிகள் எந்தப் பேரினத்தோடும் ஒத்துப்போகவில்லை. புதிய பேரினம் என்று முடிவு கட்டிவிட்டேன். அக்கா அப்போது படுத்த படுக்கை. அவர் இருக்கும்போதே அவர் பெயரை அதற்கு வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பதற்றம். கட்டுரை தயார். பெயர்ச்சீட்டைக்கூட எழுதிவிட்டேன்.

பூச்சிகளை ஒட்டிய அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முறைத்தார்.

"இன்னாபா இது, குப்புற ஒட்டி வச்சிகீற? வயித்தப் பாக்காம இன்னா இனம்னு எப்டிபா சொன்ன?"

மரத்தைத் துளைக்கும் சின்ன வண்டுகளை வயிற்றில் பசை தடவித்தான் அட்டையில் ஒட்டுவோம். கைப்பழக்கத்தில் இவற்றையும் அப்படியே ஒட்டிவிட்டேன். ஆண் சில்வண்டின் வயிற்றடியில், சத்தம் எழும் இடத்தை மூடும் மடல் இருக்கும். பேரினத்தைப் பிரிக்க அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

"உங்க பேரத்தான்கா வச்சிருக்கேன்" என்று இழுத்தேன்.

"தப்பான பூச்சிக்கு என் பேரா? நான் போன அப்பால யார்பா வந்து அழிக்கிறது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அட்டையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு இருந்துவிட்டு, வெந்நீர் விட்டு ஊறவைத்து ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஏழின் மடல்களும் ஏற்கெனவே பெயருள்ள ஒரு பேரினத்துடையவை. புள்ளிகள்தான் கொஞ்சம் வேறு. கட்டுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு வெட்கத்தோடு அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்பாடா! என் பேரு தப்பிச்சிதுபா" என்று இருமலுக்கு நடுவே சிரித்தார். நான் கேட்ட அவருடைய கடைசிச் சிரிப்பு அது.

ஏழும் இப்போது மல்லாந்து கிடக்கின்றன, பழைய பெயரோடு. அக்காவின் பெயர் எழுதிய சீட்டு என் மேசை டிராயரில் இருக்கிறது. அவசரம் வரும்போதெல்லாம் அதை ஒருமுறை எடுத்துப் பார்க்கிறேன். பிறகு, கையிலிருக்கும் பூச்சியைத் திருப்பிப் போடுகிறேன்.