பதினொரு முனியாண்டிகளை மீட்ட பரமேஸ்வரி

“பரமேஸ்வரி அக்கா தவறிட்டாங்கண்ணே” என்று ஈப்போ சிலிபினிலிருந்து அவருடைய தம்பி தொலைபேசியில் சொன்னபோது, “உளறாதே!” என்று கத்திவிட்டேன். பாவம், அவனை ஏன் திட்டினேனோ.

எண்பதுகளின் இறுதியில், ஈப்போவில் ஒரு கணினி அலுவலகத்தில் எங்கள் இருவருக்கும் அடுத்தடுத்த மேசை. ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகள் அவர். விற்கப்பட்ட ஒரு தோட்டத்தின் தொழிலாளர் பட்டியலைக் கணினியில் ஏற்றினோம். பட்டியலில் பெயர் இருந்தால் வீட்டுமனை. இல்லாவிட்டால் தோட்டத்து லய வீட்டை விட்டுத் தெருவுக்குத்தான். நாங்கள் ஏற்றி முடித்ததும், கறையான் அரித்த பழைய பதிவேடுகளைத் தோட்டத்தில் எரித்துவிட்டார்கள்.

சனிக்கிழமை நண்பகல் ஒப்படைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஆயுத பூசை. வெள்ளிதோறும் மாலையில் பட்டியலைக் காந்த நாடாவில் நகலெடுப்போம். பழைய நகலின் மேலேயே புதியது ஏறும். அன்று பரமேஸ்வரி, போன வெள்ளியே முழுப் பட்டியலும் ஏறியிருந்த அந்த நாடாவுக்குச் சந்தனப் பொட்டு வைத்துப் பூசைத் தட்டில் கிடத்தியிருந்தார்.

“எடுங்க, நகலெடுக்கணும்” என்றேன்.

“பூசையில வச்ச சாமானை இன்னிக்கு வேலை வாங்கக் கூடாது லா அண்ணே. நாளைக்கு எடுக்கலாம்.”

“நாடாவுக்கு என்னங்க பூசை!” என்று எரிந்து விழுந்தேன். அவர் அசையவில்லை.

மறுநாள் காலை கணினியில் ஒரு பெயர்கூட இல்லை. குற்றவாளி நானேதான். பட்டியலில் பதினொரு முனியாண்டிகள். அவர்களில் ஒருவர் இருமுறை பதிவாகியிருந்தார். வெள்ளி காலை அதை நீக்கியபோது, ‘இதை மட்டும்’ என்ற நிபந்தனையைத் தட்ட மறந்திருக்கிறேன். பட்டியலில் இருந்த எல்லோருமே போய்விட்டார்கள். மாலையில் நகலெடுத்திருந்தால் நாடாவிலும் வெறுமைதான் ஏறியிருக்கும்.

நாடாவிலிருந்த போன வார நகலைக் கணினியில் பட்டியல் இருந்த இடத்திலேயே இறக்கக் கட்டளை தட்டப் போனேன். பரமேஸ்வரி என் கையைத் தட்டிவிட்டார்.

“அவசரக்குடுக்கை அண்ணே! வேற வெத்து இடத்துல இறக்கி எண்ணிப் பார்ப்போம். சரியா இருந்தா அப்புறம் மாத்தலாம்.”

கறுப்புத் திரையில் கட்டளையை எழுத்தெழுத்தாக அவரே தட்டினார். நாடா கரகரவென்று சுற்றியது. எண்ணினோம். அத்தனை பேரும் வந்துவிட்டார்கள்! முனியாண்டிகள் எத்தனை என்று கணினியிடம் கேட்டார்: பன்னிரண்டு.

“இப்ப நீங்களே நீக்குங்க. ஒன்னே ஒன்னு!” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

பதினொன்றரைக்கு ஒப்படைத்தோம். எல்லோருக்கும் மனை கிடைத்தது. அந்தப் பட்டியலில் அவருடைய அப்பாவும் இருந்தார் என்பது எனக்குப் பிறகுதான் தெரியும்.

நேற்று இறுதிச் சடங்குக்கு, அந்த மனைகளில் எழுந்த குடியிருப்பான தாமானே பஸ் வைத்து வந்திருந்தது. “முனியாண்டிங்க எத்தனை பேரு?” என்று கேட்டேன்.

“ஆறு பேரு இருக்கோம் லா. மத்த அஞ்சு வீட்டுலயும் பிள்ளைங்க வந்திருக்கு” என்றார் ஒரு பெரியவர்.

பரமேஸ்வரி, எண்ணிப் பார்த்துவிட்டேன். பதினொன்றும் சரியாக இருக்கிறது. போய் வாங்க.