அரை மணிக்கு ஒருமுறை லட்சுமி

போன வாரம் லட்சுமி என் வீட்டு வாசலில் இறால் கூடையை இறக்கி வைத்த கையோடு சண்டையை ஆரம்பித்தாள்.

"இன்னாக்கா மெஷின் பண்ணிக் குட்த்த? சும்மா சும்மா என் பேர ஏலம் வுடுது! ஏரில நிம்மதியா நிக்க முடியல."

லட்சுமி பழவேற்காடு ஏரியில் மார்பளவுத் தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவள். பிடித்ததை வாயில் கவ்விய பறியில் — ஓலைக்கூடைதான் — போட்டுக்கொண்டே நகர்வாள். அதில் கொஞ்சம் பொன்னேரியில் என் வாசலுக்கும் வரும். அப்படித்தான் சிநேகிதியானோம்.

அவளுக்குச் சர்க்கரை வியாதி. மாத்திரையை மறக்க மாட்டாள், சாப்பாட்டை மறந்துவிடுவாள். சர்க்கரை இறங்கி ஒருமுறை தண்ணீரிலேயே தலை சுற்றிவிட்டது. இன்னொரு தடவை இப்படி ஆனால் ஏரிப் பக்கமே போகக்கூடாது என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். ஏரிக்குப் போகாத லட்சுமியா? நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

அங்கேதான் நான் மூக்கை நுழைத்தேன். வெப்சைட் செய்வதுதானே என் பிழைப்பு? 'அரை மணிக்கு ஒருமுறை இதைச் செய்' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல ஒரே ஒரு வரி போதும். ஒரு பழைய போன், ஒரு ஸ்பீக்கர், திரையில் ஒரு ஸ்டார்ட் பட்டன். அழுத்திவிட்டால் கரையிலிருந்து என் குரல் கூப்பிடும் — "லட்சுமி, கரைக்கு வா, பன்னு சாப்பிடு!" வாயில் பறி இருக்கும்போது பதில் சொல்ல முடியாதே... அதனால் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும் என்று கூடப்போகும் நாலு பெண்களும் சட்டம் போட்டார்கள்.

சரி, அரை மணிக்கு ஒருமுறைதானே? பிறகு எதற்கு இந்த ஏலம்?

லேப்டாப்பைத் திறந்து பார்த்தேன். தப்பு என்னுடையதுதான். ஸ்டார்ட்டை மறுபடி அழுத்தினால் பழைய சுற்று நிற்பதில்லை. அதன் கூடவே இன்னொரு சுற்றும் ஓடத் தொடங்குகிறது. பழையதை நிறுத்தும் வரியை எழுத மறந்திருந்தேன். யாரோ மறுபடி மறுபடி அழுத்துகிறார்கள்!

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் லேப்டாப்போடு போய்க் கரையில் உட்கார்ந்தேன். என் குரல் கூப்பிட்டது. லட்சுமி கையைத் தூக்கினாள்; கரைக்கு மட்டும் வரவில்லை. இறால் நன்றாகத் தட்டுப்படும் நேரம், யார் வருவார்கள்?

சில நிமிடம்தான். மறுபடியும் அதே கூப்பாடு. இந்த முறை கை எழவில்லை.

தண்ணீரில் அவள் பக்கத்தில் இருந்த ராணி பறியைத் துப்பிவிட்டுக் கத்தினாள். "ஏய், லட்சுமியப் பிடிங்கமே!" நாலு பேரும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடினார்கள். கரைக்குக் கொண்டுவந்தபோது லட்சுமிக்குக் கண் சொருகியிருந்தது, உடம்பெல்லாம் நடுக்கம். நல்லவேளை, விழுங்க முடிந்தது. சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். அவசரத்தில் பாதி என் புடவையில்தான்.

கண்ணைத் திறந்தவள் முதலில் கேட்டது என்ன தெரியுமா?

"என் பறி எங்கமே?"

அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டு வந்த பிறகுதான் ராணியிடம் கேட்டேன் — யார் அத்தனை தடவை அழுத்துவது?

"நாங்கதான்க்கா. மொத நாளு, லட்சுமி அழுத்தினது தெரியாம நானும் அழுத்திட்டேன். ரெண்டு தபா கூப்டுது. நல்லாதான கீதுனு வுட்டுட்டோம். தண்ணில அரமணி ரொம்ப நேரம்க்கா. அதான் எறங்கசொல்ல ஆளுக்கு ஒரு தபா அழுத்திட்டு எறங்குறோம்."

ஒருவர் பின் ஒருவராக இறங்குபவர்கள், ஆளுக்கொரு சுற்றை லட்சுமிக்காக ஓடவிட்டிருக்கிறார்கள். என் கணக்குப்படி ஓடியிருந்தால் அடுத்த கூப்பாடு வர அரை மணி ஆகியிருக்கும். அதற்குள்...? எழுதவே கை வரவில்லை.

ராணி, உங்கள் நாலு பேருக்கும் நான் எப்படி நன்றி சொல்வேன்? இந்தப் பத்தியை யாராவது படித்துக் காட்டட்டும்.

திருத்த வேண்டிய அந்த ஒரு வரி லேப்டாப்பில் தயாராக இருக்கிறது. திருத்தவில்லை. இப்போது லட்சுமி முதல் கூப்பாட்டுக்கே கரையேறிச் சாப்பிட்டுவிட்டுத்தான் மறுபடி இறங்குகிறாளாம். அந்தக் கடுப்பில் நேற்றும் வாசலில் நின்று என்னைத் திட்டித் தீர்த்தாள்.

திட்டட்டுமே... திட்ட அவள் இருக்கிறாளே!