குழாய்க்குள் கேட்ட குரல்

இரும்புக் குழாய்க்குள் பேசிப் பாருங்கள், கிணற்றில் விழுந்தவன் கத்துகிற மாதிரி இருக்கும். பிளாஸ்டிக் குழாயில் ஜலதோஷம் பிடித்த குரல். களிமண்ணைச் சுட்டு மேலே பளபளப்பு ஏற்றின சாக்கடைக் குழாயில்தான் குரல் குரலாகவே வரும். எத்தனை குழாய் கோத்திருந்தாலும், அந்தக் கோடியில் பேசுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி கேட்கும். இதைச் சொல்லிச் சொல்லித்தான் என் வீட்டுக்காரர் என்னை இந்த வேலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். "போன் எதுக்குடி, இதுலயே பேசிக்கலாம்" என்பார். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும் என்பது எங்கள் ஊர் பஸ் கண்டக்டர் வரைக்கும் தெரிந்த சங்கதி.

நாங்கள் மூன்று பேர் ஒரு செட். அவர் குழாய் இறக்கிக் கோப்பார். நான் சிமெண்டு குழைத்து, சணல் திரித்துக் கொடுப்பேன். மூன்றாவது ஆள் அவருடைய அக்கா, என் நாத்தனார். மண் தள்ளுவது, குழாய் தூக்கிக் கொடுப்பது எல்லாம் அவள். தாயில்லாத தம்பியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள், புருஷனைச் சீக்கிரமே பறிகொடுத்தவள். அவளுக்கு உலகத்தில் மிச்சம் இருந்தது அந்தத் தம்பி ஒருவர்தான். எனக்கும் அவளுக்கும் எண்ணெயும் தண்ணீரும் மாதிரிதான் ஒட்டும். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்துத் திருவண்ணாமலை வந்து இறங்குவதற்குள் எங்களுக்குள் ஒரு ரவுண்டு முடிந்திருக்கும். அவர் நடுவில் உட்கார்ந்து தூங்குகிற மாதிரி நடிப்பார்.

குழாய் கோப்பது பார்க்கச் சுலபம். ஒரு முனை அகலமான வாய், மறுமுனை ஒடுக்கம். ஒடுக்கத்தை வாய்க்குள் நுழைத்து, சிமெண்டுப் பாலில் நனைத்த சணலைச் சுற்றிலும் இறுக்கித் திணித்து, அதன் மேல் கெட்டிச் சிமெண்டைச் சாய்வாகப் பூச வேண்டும். அதோடு முடியாது. பூசும்போது கொஞ்சம் சிமெண்டு உள்பக்கம் பிதுங்கும். அது அப்படியே காய்ந்தால் முள் மாதிரி நிற்கும், பிறகு போகிற துணி, முடி, கண்ட கண்ட குப்பை எல்லாம் அதில் மாட்டும். அதனால் குழாய்க்குள் கயிறு ஓட்டி, அதன் முனையில் சாக்கைப் பந்தாகக் கட்டி, ஒவ்வொரு இணைப்பும் முடிந்ததும் மேல்கோடியில் இருந்து ஒருத்தர் இழுக்க வேண்டும். பந்து உள்ளே துடைத்துக்கொண்டே வரும். இழுக்கிற ஆள் நான். அவர் கீழ்க்கோடியில் இருந்து குழாய்க்குள் வாயை வைத்து "இழு" என்பார், "நிறுத்து" என்பார், நடுவில் என் நாத்தனாரைப் பற்றி எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதாவது சொல்வார். வேலை நேரத்தில் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாகப் பேசிக்கொண்டது முக்கால்வாசி அப்படித்தான்.

அந்த வேலை கிரிவலப் பாதையை ஒட்டின ஒரு சந்தில் நடந்தது. இரண்டு பக்கமும் லாட்ஜ், ஒரு டிபன் கடை. ஒவ்வொரு லாட்ஜும் தலைக்கு மேல் ஒரு மாடி ஏற்றிக்கொண்டே போகிறது, கீழே போகிற தண்ணீரைப் பற்றி ஒருத்தருக்கும் கவலையில்லை. சந்தின் முனையில் ஒரு பழைய மேன்ஹோல். நாங்கள் போட்ட புது லைனை அதில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் வேலை முடிந்தது. சாதாரணமாகத் தாழ்ந்த கோடியில் ஆரம்பித்துத்தான் மேலே கோத்துக்கொண்டு போவோம். அந்த மேன்ஹோலில் சாக்கடை ஓடிக்கொண்டிருந்ததால் எங்களை வேலைக்கு வைத்திருந்த மேஸ்திரி அதைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். பௌர்ணமி நெருங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் வருவதற்குள் பள்ளத்தை மூடியாக வேண்டும். செருப்பில்லாமல் நடக்கிற ஜனம், ஒருத்தர் கால் வைத்துவிட்டால் கதை கந்தல்.

அன்றைக்குக் காலையில் அவரும் மேஸ்திரியும் சேர்ந்து கடப்பாரையால் மேன்ஹோல் மூடியை நெம்பித் தள்ளினார்கள். பழைய மூடியைத் திறந்தால் கரப்பான் பூச்சி கும்பலாக ஏறி ஓடும். நானும் நாத்தனாரும் எப்போதும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தள்ளி நிற்போம். அன்றைக்கு ஒன்றுகூட வரவில்லை. நாத்தனார் எட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் எங்கே போய்த் தொலைந்தது என்று கேட்டாள். லாட்ஜ்காரன் மருந்து அடித்திருப்பான் என்றார் மேஸ்திரி. அழுகின முட்டை நாற்றம் மட்டும் மேலே வந்து டிபன் கடை வரைக்கும் போயிற்று. கடைக்காரர் சாம்பார் வாளியை மூடி வைத்துக்கொண்டு எங்களைத் திட்டினார்.

மேன்ஹோல் சுவரை வெளிப்பக்கம், பள்ளத்தில் இருந்தே உடைத்துக் குழாயை நுழைத்தாகிவிட்டது. இனி உள்ளே இறங்கி, குழாய் முனைக்கும் சுவருக்கும் நடுவில் சணல் வைத்துப் பூசி, சாக்குப் பந்தை விட வேண்டியதுதான். வெற்றிலை போடுகிற நேரத்து வேலை என்றார் மேஸ்திரி.

எங்கள் செட்டில் ஒரு வழக்கம். முதல் இணைப்புக்கும் கடைசி இணைப்புக்கும் உடைந்த குழாய்த் துண்டில் கற்பூரம் ஏற்றிக் குழாய் வாய்க்குக் காட்ட வேண்டும். இது நாத்தனார் ஏற்படுத்தினது. கடைசி வாய் இந்தத் தடவை குழிக்குள் இருந்ததால், துண்டைக் கம்பியில் கட்டிக் கற்பூரத்தை ஏற்றி மெதுவாக இறக்கினாள். குழாய் வாய்க்குக் கிட்டே போனதும் கற்பூரம் அணைந்துவிட்டது. தூக்கிப் பார்த்தோம், கற்பூரம் பாதிகூட எரியவில்லை. மறுபடி ஏற்றி இறக்கினாள். அதே இடத்தில், யாரோ கையால் பொத்தின மாதிரி, மறுபடியும் அணைந்தது. காற்று என்று சொல்ல வழியில்லை. அந்தக் குழிக்குள் ஏது காற்று?

நாத்தனார் முகம் வெளுத்துப்போயிற்று. இன்றைக்கு வேண்டாம், பௌர்ணமி போகட்டும் என்று நான் அவரிடம் சொன்னேன். மேஸ்திரி கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவரும் நெற்றி நிறைய விபூதி பூசுகிற ஆள்தான், அவருக்கும் பயம் வந்தது. ஆனால் பள்ளத்தை மூடாவிட்டால் அவர் தலை உருளும். ஏதாவது குற்றம் நடந்திருக்கும், அதைக் கழித்துவிட்டு வேலையைப் பார்ப்போம் என்றார். என்ன குற்றம் என்று நாத்தனார் யோசித்தாள். கண் என் காலில் வந்து நின்றது.

"சாமி போற பாதையில செருப்பு போட்டுக்கினு நிக்கிறா. அப்புறம் எப்படி எரியும்?"

நான் செருப்பைக் கழற்றி அவள் பக்கமாகவே வீசினேன். சிமெண்டில் நின்று நின்று பாளம் பாளமாக வெடித்த கால், செருப்பு போடாமல் எப்படி நிற்பது என்று அவளுக்குத் தெரியாதா? அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே நடுவில் வந்தார். மேஸ்திரி ஓடிப்போய் எலுமிச்சம்பழமும் புதுக் கற்பூரப் பொட்டலமும் வாங்கிவந்தார். நாத்தனார் பழத்தை அறுத்துக் குங்குமம் தடவி நாலு பக்கமும் பிழிந்து எறிந்தாள். பிறகு இந்தத் தடவை கற்பூரத்தை இறக்கவில்லை, குழியின் விளிம்பிலேயே வைத்து ஏற்றினாள். திறந்தவெளியில் அது ஜோராக எரிந்தது. கடைசித் துளி வரைக்கும் நின்று எரிந்தது. சாமி உத்தரவு கொடுத்துவிட்டார் என்று அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி பெருமூச்சு விட்டார். நானும் அந்தச் சுடரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எங்கள் நாலு பேருக்கும் அப்போது வந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அடிவயிறு எரிகிறது.

அவர் சணலையும் சிமெண்டுச் சட்டியையும் பூச்சுக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு இறங்கினார். இடுப்பில் கயிறு இல்லை. எங்களிடம் இருந்தது ஒரே கயிறு, அது குழாய்க்குள் கிடந்தது. அதன் மேல்முனையைப் பிடிக்க நான் சந்தின் உள்கோடிக்குப் போனேன். அங்கே பள்ளத்தில் இறங்கி, குழாய் வாய்க்குப் பக்கத்தில் குந்தி, காதை வைத்துக்கொண்டேன்.

முதலில் அவர் இருமுகிற சத்தம் கேட்டது. பிறகு கரண்டி உரசுகிற சத்தம். குழாய் வழியாக அந்த முட்டை நாற்றம் என் முகத்தில் அடித்தது. நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நாத்தம் ஜாஸ்தியாத்தான் இருக்குது. கண்ணு எரியுது. நீ பேசு."

என்ன பேசுவது? உங்கள் அக்காவை நாளைக்கு வேறு பஸ்ஸில் வரச் சொல்லுங்கள் என்றேன். சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே இருமலாக மாறியது. கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம் மட்டும். அது முன்னைவிட மெதுவாக இருந்தது. பிறகு அவர் குரல், ரொம்பப் பக்கத்தில், வாயைக் குழாயில் வைத்தே சொல்கிற மாதிரி வந்தது.

"இப்ப நாத்தமே தெரியலடி. நல்லாயிடுச்சு."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஆமாம், சந்தோஷம்தான், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எலுமிச்சம்பழம் வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன். என் பக்கம் நாற்றம் கொஞ்சமும் குறையவில்லையே, மரத்துப்போனது அவர் மூக்குதான் என்பது எனக்கு உறைக்கவில்லை. "இழு" என்று ஒரு சொல் வரும் என்று கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. பூசி முடிக்கவில்லையா என்று கேட்டேன். பதில் இல்லை. விளையாடுகிறார் என்று நினைத்து இரண்டு வசவு விட்டேன். குழாய்க்குள் என் குரல் போய்ச் சேர்கிறது என்பது தெரிந்தது. அந்தப் பக்கம் வாங்கிக்கொள்ள ஆள் இல்லாத மாதிரி இருந்தது.

பள்ளத்தின் கரையைப் பிடித்து ஏறி எப்படி ஓடினேன் என்று நினைவில்லை. போய்ச் சேர்ந்தபோது மேஸ்திரி போனைக் காதில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். நாத்தனார் ஒரு காலைக் குழிக்குள் விட்டு இரும்புப் படியில் வைத்துவிட்டாள். அவள் தோளுக்கு மேலாக நான் எட்டிப் பார்த்தேன். அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த மாதிரி இருந்தார். தலை மட்டும் நெஞ்சின் மேல் தொங்கியது. கையில் கரண்டி இன்னும் இருந்தது.

எனக்கு விஷக்காற்று தெரியாது, எதுவும் தெரியாது. பேசிக்கொண்டே இருந்த மனிதர் ஒரு சொல்லுக்கும் மறுசொல்லுக்கும் நடுவில் விழுந்துவிட்டார் என்பது மட்டும் தெரியும். அடுத்த படியில் இவளும் விழுவாள். பின்னாலிருந்து அவள் கொண்டையையும் ரவிக்கையையும் சேர்த்துப் பிடித்து இழுத்தேன். திமிறினாள். என் முன்கையைக் கடித்தாள். தம்பியைச் சாகவிடுகிறாயேடி பாவி என்று அதற்குள் கூடிவிட்ட ஜனத்துக்கு முன்னால் மண்ணை வாரி என் முகத்தில் போட்டாள். நான் விடவில்லை. அவளைக் குப்புறத் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்துகொண்டேன். கீழே என் புருஷன் கிடக்கிறார், நான் அவர் அக்காவின் முதுகில் உட்கார்ந்திருக்கிறேன். தீயணைப்பு வண்டி வருகிற வரைக்கும் அப்படியே இருந்தேன்.

முகமூடி போட்டுக்கொண்டு இறங்கித் தூக்கினார்கள். உயிர் எப்போதோ போய்விட்டது. விளிம்பில் கிடந்த குழாய்த் துண்டையும் கற்பூரக் கரியையும் பார்த்து, அவர்களில் ஒருத்தர் எங்களிடம் விசாரித்தார். மேஸ்திரி, தான் இறங்கச் சொல்லவே இல்லை என்றார். நாத்தனார்தான் கற்பூரம் இரண்டு தடவை அணைந்ததைச் சொன்னாள். அந்த மனிதர் குழாய்த் துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். தீ எரியக் காற்று இல்லாத இடத்தில் மனுஷன் எப்படியம்மா மூச்சு விடுவான் என்று தணிந்த குரலில் கேட்டார். நாத்தனார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது புரிந்த நொடியை நான் பார்த்தேன். புரியாமலே போயிருக்கலாம்.

பௌர்ணமிக்குள் வேறு ஆட்களை வைத்து முடித்துப் பள்ளத்தை மூடிவிட்டார்கள். கூட்டம் வழக்கம்போல நடந்து போனது. இப்போது நானும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். கடலைக்காட்டில் களை எடுக்கப் போகிறோம், குழாய் வேலைக்குப் போவதில்லை. கற்பூரத்தைப் பற்றி நான் அவளிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. செருப்பைப் பற்றி அவளும் சொன்னதில்லை. ஒரு நாள் மத்தியானம் வரப்பில் உட்கார்ந்து கூழ் குடிக்கும்போது, என் முன்கையில் அவள் பல் பதிந்த தழும்பை இழுத்துவைத்துப் பார்த்தாள். தொட்டுத் தடவினாள்.

"அவன வுட்டுட்டு என்ன ஏன்டி புடிச்ச?"

வேறு பதில் இருந்தால் சொல்லியிருப்பேன்.

"என் கைக்கு எட்டினது நீதான்க்கா."