ரிசர்வ் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

பரீட்சைத் துறையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவருக்குப் பட்டப்பெயர் 'காலியிடம்'. எதிலும் கொஞ்சம் இடம் மிச்சம் வைக்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது.

அவர் பார்க்கிற வேலை அப்படி. அங்கே ஒரு பெரிய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர். அதற்குள் தனித்தனி வேலைக்கு, தடுத்த அறைகள் மாதிரி, தனித்தனி பார்ட்டிஷன். ஒன்றில் நெரிசல் கூடினால், சும்மா கிடக்கும் பிராசசரை, அதாவது கணக்குப் போடும் மூளையை, ஓடுகிற ஓட்டத்திலேயே அதற்குக் கொடுக்கலாம். ஆனால் 'பின்னால் இத்தனை வரும்' என்று முன்கூட்டியே அதன் படிவத்தில் ரிசர்வ் கட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் இயந்திரம் ஏற்காது. பார்ட்டிஷனை முழுதாக நிறுத்தி மறுபடி எழுப்ப வேண்டியதுதான்.

வீட்டில் இருப்பது மூன்று பேர், நாற்காலி எட்டு. "யாரு வரப்போறாங்கன்னு இதெல்லாம்? தினமும் என் முழங்கால்தான் இடிபடுது" என்று மனைவி ஒருநாள் ஐந்தைத் தன் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவளை எதிர்த்துப் பேச அவருக்கு ஏது தைரியம்? உம்மென்று ஆபீசுக்கு வந்தார். பரீட்சை முடிவு வெளியிடும் பார்ட்டிஷனுக்கு அன்றைக்குத்தான் படிவம் நிரப்பவேண்டும். ரிசர்வ் கட்டத்தில் வீம்புக்குப் பூஜ்யம் போட்டார். போட்டதை மறந்தும் போனார்.

முடிவு வெளியான காலையில் லட்சம் பேர் ஒரே நேரத்தில் மொய்த்ததில் பார்ட்டிஷன் திணறியது. மேலாளர் அம்மா ஓடி வந்தார்.

"சார், சும்மா கிடக்கிற ரெண்டு பிராசசரைச் சேர்த்து விடுங்க. இன்னிக்குத்தான் உங்க காலியிடத்துக்கு வேலை!"

கட்டளையைத் தட்டினார். இயந்திரம் மறுத்தது. ரிசர்வ் கட்டத்தைத் திறந்து பார்த்தார்: அவரே போட்ட பூஜ்யம். அந்த நேரம் பார்த்து மகளின் போன்.

"அப்பா, ரிசல்ட் பக்கம் வராம சுத்திக்கிட்டே இருக்கு. நான் பாஸா இல்லையா?"

"இருபது நிமிஷம் பொறும்மா. ஒரு முட்டாள் தப்பு பண்ணிட்டான்."

"யாருப்பா அது?"

"நம்ம ஆபீஸ்லதான், ஒருத்தன்."

போனை வைத்துவிட்டு மேலாளரிடம் திரும்பினார். "பூஜ்யம் போட்டது நான்தான் மேடம். நிறுத்தி எழுப்பணும்."

"ஏன் சார் போட்டீங்க?"

"வீட்டுல... நாற்காலி..." என்று இழுத்தார். அந்த அம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை; நிறுத்தச் சொல்லிவிட்டு, அலறிக்கொண்டிருந்த போன்களை எடுக்கப் போனார். பார்ட்டிஷன் எழுந்து நிற்க இருபத்திரண்டு நிமிடம் பிடித்தது. அதுவரை ஊரே வாய்க்கு வந்தபடி திட்டியது. அவரும் தன்னைத் திட்டிக்கொண்டார்.

மகள் பாஸ். வாழ்த்துச் சொல்ல மச்சினி குடும்பத்தோடு சாயங்காலமே வந்துவிட்டாள். மூன்று நாற்காலியும் நிறைந்தன. குழந்தைகள் தரையில் உட்கார்ந்தார்கள். அவர் தட்டை ஏந்திக்கொண்டு சுவரோரம் நின்றார்.

மனைவிக்குச் சங்கடமாகிவிட்டது. "கூட ரெண்டு நாற்காலியாவது வெச்சிருக்கலாம். இப்ப எங்கேருந்தாவது கொண்டுவந்து போட முடியாதா?"

"முடியும். எல்லாரும் வெளியே போங்க. வீட்டைப் பூட்டி, இருபது நிமிஷம் கழிச்சுத் திறக்கறேன்."

யாருக்கும் விளங்கவில்லை. மகள் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

"அப்பா, அந்த முட்டாள் நீங்கதானா?"