சும்மா எண்ணிய நீரூற்று

நாங்கள் அவரை நிதானம் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு கேள்வி கேட்டுவிட்டு டீ குடித்துத் திரும்பினாலும், பதில் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருக்கும். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். நான் பூங்காவின் குழாய்க்காரன். காத்திருப்பது என்றாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பூங்கா நடுவிலிருந்த நீரூற்றை ஆட்டிவைத்தது அக்கா எழுதிய புரோகிராம். பம்ப் அறையில் ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர், அதில் பச்சை எழுத்தில் வரிவரியாகக் கட்டளைகள். நடுக்குழாயைத் திற, மூடு, ஓரக்குழாயைத் திற. இடையில் தண்ணீர் அடங்கியிருக்க வேண்டுமே, அதற்கு 'சும்மா எண்ணு' என்று ஒரு வரி. மெஷின் தனக்குள் எண்ணி முடிக்கும்வரை நீரூற்று பேசாமல் கிடக்கும். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல் எழும். மாலை வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தால், நிற்பது கரையிலா தண்ணீரிலா என்றே தெரியாமல் போகும். இந்தக் கோபக்காரனுக்கே அப்படி.

அக்காவின் கணவரை மாமா என்போம். அவருக்குப் பார்வை போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. சாயங்காலமானால் பெஞ்சில் வந்து உட்காருவார். தண்ணீர் எழப்போகும் நேரத்தில் முழங்காலில் ஒரு தட்டு. சொல்லிவைத்தாற்போல் தண்ணீர் எழும். மனைவியின் வேலையில் அவருக்கு எட்டுவது இந்த ஒன்றுதான்.

ஒருநாள் கிழட்டு மெஷின் கண்ணை மூடிவிட்டது. புதிது வந்தது. அதில் வரிகளே இல்லை. திரையில் கலர் கலரான கட்டங்களை இழுத்துவைத்து, கோடு போட்டு இணைக்க வேண்டும்.

"இது சரிப்படலைன்னா வெளிய ரெடிமேடா ஒரு புரோகிராம் வாங்கிப் போட்டுடுவேன்" என்றார் பூங்கா மேனேஜர்.

அக்கா வரிக்கு ஒரு கட்டமாக அப்படியே மாற்றினார். ஒரு வரி விடவில்லை, 'சும்மா எண்ணு' உட்பட.

வெள்ளோட்டத்தன்று எல்லாரும் கூடியிருந்தோம். புது மெஷினுக்கு எண்ணுவது கண்சிமிட்டும் நேரத்து வேலை. எல்லாக் குழாய்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு சீறின. மேனேஜர் தொப்பலாக நனைந்துவிட்டார். சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் பெஞ்சைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. மாமாவின் கை எங்கே தட்டுவதென்று தெரியாமல் அந்தரத்தில் நின்றது.

"இது உன்னோடது இல்லையே" என்றார் அக்காவிடம் மெல்ல.

மேனேஜர் தலையைத் துவட்டினார். "நாளைக்குச் சாயங்காலம் ஒரு தடவை பார்ப்போம். அதோட சரி."

பம்ப் அறையில் அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். 'காத்திரு' என்று தனியாகவே ஒரு கட்டம் இருந்தது. எத்தனை நொடி என்று போட்டால் போதும்.

"எவ்வளவுன்னு போடுறது தம்பி? அளந்தா வெச்சேன்? அந்தக் கிழடு எண்ணுச்சு, எனக்குப் பிடிச்ச எடத்துல நிறுத்தச் சொன்னேன். இப்ப யாரைக் கேக்கறது?" குரல் உடைந்தது. அவர் அழுது நான் பார்த்ததில்லை.

"யாரைக் கேக்கறதா? மாமா முழங்காலைக் கேளுங்கக்கா!" என்று கத்தினேன்.

மறுநாள் மதியம் மாமாவைப் பம்ப் அறையில் ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தோம். நான்தான் தண்ணீர். "மாமா, இது நடுக்குழாய்" என்று சொல்லி "உஷ்ஷ்" என்று எழுந்து அடங்குவேன். கொஞ்ச நேரம் அறையே தூங்குவதுபோல் இருக்கும். அவர் தட்டுவார். அக்கா கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கட்டத்தில் எண்ணைப் போடுவார். வாழ்க்கையில் முதல்முறையாகக் காத்திருப்பது எனக்குப் பிடித்திருந்தது.

சாயங்காலம் மேனேஜர் குடையோடு வந்தார். நீரூற்று எழுந்தது, அடங்கியது. பெஞ்சில் மாமா முழங்காலைத் தட்டினார், தண்ணீர் எழுந்தது. மறுபடி மறுபடி அப்படியே. மேனேஜர் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

கடைசி இடத்தில் மாமா தட்டினார். தண்ணீர் வரவில்லை. எனக்குப் பகீரென்றது.

மாமா, அருகில் உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கம் திரும்பினார். "ஏய், இங்க என்ன புதுசா?"

அக்காவின் பதில் வழக்கம்போல் அப்போதுதான் கிளம்பிக்கொண்டிருந்தது. மாமாவின் கையைத் தன் கையால் மூடிக்கொண்டார். மாமா காத்திருந்தார், முகமெல்லாம் சிரிப்பாக.

பிறகு தண்ணீர் எழுந்தது.