வெங்காயத்துக்குக் கூடிய ஊர்

வெங்காயத்தை ஒரு மணி நேரம் வதக்குவார்கள் என்று எவனாவது என்னிடம் முன்பு சொல்லியிருந்தால், குடித்திருக்கிறான் என்று நினைத்திருப்பேன். எங்கள் குப்பத்தில் வெங்காயம் என்றால் எண்ணெயில் போட்டு இரண்டு புரட்டு. பிறகு புளி, பிறகு மீன். அதற்கு மேல் வெங்காயத்துக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை.

என் மகள் சென்னையில் கேட்டரிங் படித்தாள். படித்து முடித்ததும் நாலைந்து ஓட்டலில் வேலை கேட்டாள். எவனும் எடுக்கவில்லை. கடைசியாக ஒரு பெரிய ஓட்டலில் பதில் வந்தது. அங்கே இருக்கும் தலைமைச் சமையல்காரர் போனில் செய்தி அனுப்பியிருந்தார். வெங்காயத்தை நறுக்குவதில் தொடங்கி, அது வெல்லம் மாதிரி நிறம் மாறி இனிக்கிற வரைக்கும் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். சர்க்கரை போடக் கூடாது. நடுவில் நிறுத்தக் கூடாது, வெட்டி ஒட்டக் கூடாது. கையும் சட்டியும் முழுக்கத் தெரிந்துகொண்டே இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆள் எடுப்பார்களாம்.

"வெங்காயத்தப் பாத்து வேல குடுக்கிறவன் இன்னா ஆளு?" என்று கேட்டேன்.

"பொறும இருக்குதான்னு பாக்குறாங்க நைனா."

"பொறுமையப் பாக்கணும்னா கடலுக்கு வரச் சொல்லு. ஒரு நாள் முழுக்க வலையப் போட்டுக் குந்திக்கினு வெறுங்கையோட வரட்டும்."

இந்த வேலையும் போனால் இறால் கம்பெனிக்குத் தலை கிள்ளப் போக வேண்டியதுதான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இறால் தலை கிள்ளினால் விரல் இடுக்கெல்லாம் வெந்து போகும். என் அம்மா கிள்ளினாள், என் பெண்டாட்டி கிள்ளினாள். இவள் கிள்ளக் கூடாது என்றுதான் படிக்க வைத்தேன்.

அனுப்புவதற்குக் கடைசி நாளுக்கு முதல் நாள் இரண்டு தடவை செய்து பார்த்தாள். இரண்டு தடவையும் கருகியது. தீயைக் கூட்டிவிட்டாள். எங்கள் வீட்டில் அடுப்பைக் குறைத்து வைத்து யாருக்கும் பழக்கமில்லை. மறுநாள் காலையில் நான் தெருக்கடைக்குப் போய் மூட்டையில் மிச்சமிருந்த வெங்காயத்தை மொத்தமாக அள்ளிக்கொண்டு வந்தேன். கடைக்காரர் என்ன விசேஷம் என்று கேட்டார். உனக்கெதுக்கு என்றேன். நான் எப்போதும் அப்படித்தான் பேசுவேன். அன்றைக்குக் கொஞ்சம் வேறு மாதிரி பேசியிருக்கலாம்.

அன்றைக்கு வாடைக்காற்று. கடல் கறுத்துக் கிடந்தது. ஒரு போட்டும் இறங்கவில்லை. ஊர் ஆம்பளைகள் அத்தனை பேரும் வேலையில்லாமல் வலைக்கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். எந்த வீட்டிலும் மீன் இல்லை. என் பெண்டாட்டி கருவாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு மீஞ்சூர் மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், பின்னால் இது ஒவ்வொன்றையும் எனக்கு எதிராகச் சாட்சி சொன்னார்கள்.

சமையலறையில் அடுப்பைத் தரையில் இறக்கி வைத்தோம். எதிரே என் ஐஸ் பெட்டியைப் போட்டு, அதன் மேல் போனை உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்தினாள். போனில் இடம் பத்தாது என்று என் போட்டின் படங்களையெல்லாம் முதல் நாளே அழித்திருந்தாள். அதற்கும் பல்லைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன்.

"நைனா, நீ வாசல்ல இரு. யாரும் உள்ள வரக் கூடாது. நீ கத்தவும் கூடாது. எல்லாம் அதுல கேக்கும்."

வாசலில் நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்தேன்.

அவள் நறுக்க ஆரம்பித்தாள். நீளவாக்கில், எல்லாம் ஒரே தடிமனில். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கொஞ்ச நேரத்தில் கண்ணிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஊற்றியது. துடைக்கக் கையை எடுத்தால் வீடியோவில் கை தெரியாது என்று அப்படியே ஒழுகவிட்டு நறுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் தயிருக்கு உறை கேட்டுக் கிண்ணத்தோடு வந்தாள். என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, பொண்ணு இன்னாத்துக்கு அயுவுது?"

"ஒண்ணுமில்ல. போ."

"உறைக்குத் தயிரு..."

"இல்ல. போ."

"அண்ணி எங்க?"

"மீஞ்சூருக்கு அனுப்பிட்டேன். போறியா?"

போனாள். சும்மா போகவில்லை.

உள்ளே சட்டியில் எண்ணெய் விட்டு, மலை மாதிரி வெங்காயத்தைக் கொட்டி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, தீயை இருக்கிறதா இல்லையா என்கிற அளவுக்குக் குறைத்தாள். பிறகு மெதுவாகக் கிளறினாள். அவ்வளவுதான். வேறு ஒன்றுமே நடக்கவில்லை. வெங்காயம் தளர்ந்தது. கண்ணாடி மாதிரி ஆனது. நான் வாசலிலிருந்து எட்டி எட்டிப் பார்த்தேன். வலைக்கயிறு முடிச்சுப் போடுகிறவனுக்குக்கூட நடுநடுவே முடிச்சு விழுகிற சந்தோஷம் உண்டு. இதில் அதுவும் இல்லை.

வாசம் மட்டும் கிளம்பியது. முதலில் எங்கள் தெரு. வாடைக்காற்று அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய் வலைக்கூடத்தில் போட்டது.

அங்கே நடந்ததைப் பிற்பாடு எனக்குச் சொன்னார்கள். அரை மணி நேரமாக வெங்காயம் வதங்குகிறது என்றால் எத்தனை கிலோ இருக்கும் என்று ஒருவன் கேட்டிருக்கிறான். அவ்வளவு வெங்காயம் போட்டால் பிரியாணிக்கு எத்தனை படி அரிசி என்று இன்னொருவன். அவ்வளவு அரிசி பொங்கினால் எத்தனை பேர் சாப்பிடுவார்கள். வாசம் நிற்கவே இல்லை. ஆகவே ஆள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. முக்கால் மணி நேரத்தில் ஒரு பெரிய கூட்டத்துக்கே பந்தி போட்டுவிட்டார்கள். கடையிலிருந்த வெங்காயம் மொத்தமும் என் வீட்டில். பொண்ணு உள்ளே அழுகிறது. அப்பன்காரன் வாசலை அடைத்து உட்கார்ந்து வருகிறவர்கள்மேல் எரிந்து விழுகிறான். ஆத்தாக்காரியை ஊரிலேயே இல்லாமல் அனுப்பிவிட்டான். வேறென்ன? பொண்ணுக்கு இஷ்டமில்லாத நிச்சயதார்த்தம். அதுவும் ஊருக்குச் சொல்லாமல்.

எங்கள் ஊரில் பெண் கொடுப்பதானாலும் எடுப்பதானாலும் முதல் வெற்றிலை பாக்கு ஊருக்குத்தான். ஊர்ப் பெரியவர் கையில் தட்டு போன பிறகுதான் மற்றவர்களுக்கு. அதை மீறினால் அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவரும் வர மாட்டார்கள். இது விளையாட்டு இல்லை.

முதலில் வந்தவள் என் அக்கா. பின்தெருவில் இருக்கிறாள். அவளுக்கு ஒரு மகன் இருக்கிறான். என் மகள் அவனுக்குத்தான் என்று அவளாகவே முடிவு செய்து பல வருஷம் ஆகிறது. நான் சரி என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை. என் மகள் இல்லை என்று பலமுறை சொல்லியிருக்கிறாள். அதை யாரும் காதில் வாங்கியதில்லை.

"டேய்! எம்புள்ள குத்துக்கல்லாட்டம் கீறான். எவனுக்குடா பொண்ணக் குடுக்கிற?"

"யக்கா, மெதுவாப் பேசு. வீடியோ ஓடுது."

"வீடியோ வேற எடுக்கிறியா? அந்த அளவுக்குப் போயிட்டியா?"

அவள் நாற்காலியோடு என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தாள். பின்னாலேயே உறை கேட்டு வந்த அந்தத் தயிர்க்காரி. அவளுக்குப் பின்னால் ஊர்ப் பெரியவர், அவரோடு நாலு பேர். பெரியவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார்.

"இன்னாப்பா, ஊரு செத்துப்பூடிச்சா?"

"மாமா, ஒண்ணுமே இல்ல. வெங்காயம் வதக்குறா. அவ்ளோதான்."

"அதான் மூக்குலியே தெரியுதே. எதுக்குன்னு சொல்லு."

"எதுக்கும் இல்ல. வெங்காயம் மட்டும்தான்."

"ஒண்ணுமில்லாததுக்கு ஒரு மணி நேரமா வெங்காயம் வதக்குவியா நீ?"

எனக்கும் அதே கேள்விதான் இருந்தது.

கூட வந்த நாலு பேரும் பிரியாணி அண்டாவைத் தேட ஆரம்பித்தார்கள். ஒருவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். ஒருவன் பின்பக்கம் போய்க் கோழிக்கூண்டைத் திறந்தான். மாப்பிள்ளையைத் தேடினானா அண்டாவைத் தேடினானா, தெரியவில்லை. நாற்காலியைத் தயிர்க்காரி பிடித்துக்கொண்டாள். பெரியவருக்கு முட்டி வலி, நிற்க முடியாது. சுற்றிப் பார்த்தார். ஐஸ் பெட்டி தெரிந்தது. உட்காரப் போனார்.

போன் அதன் மேல்தான் இருந்தது.

உட்காராதீர்கள் என்று அவரிடம் சொல்ல முடியாது. ஊர்ப் பெரியவர் உட்காருகிற இடத்தை மறுப்பது அடிப்பதைவிட மோசம். அவர் உடம்பு இறங்கிக்கொண்டே இருந்தது. நான் பாய்ந்து போனை இரண்டு கையாலும் தூக்கினேன். சட்டியும் கையும் திரையை விட்டுப் போகாமல் தூக்கினேன். என் மகள் தலையைக் கூட நிமிர்த்தவில்லை. கிளறிக்கொண்டே, "ஆட்டாத நைனா" என்று மட்டும் முணுமுணுத்தாள்.

அதற்குப் பிறகு நான் மனிதன் இல்லை, கம்பம். இரண்டு கையும் போனில். கத்தக் கூடாது. அசையக் கூடாது. என் முன்னால் பெரியவர் விசாரணை நடத்துகிறார். என் பின்னால் அக்கா முதுகில் குத்துகிறாள்.

"சொல்லுடா! யாரு வூட்டுப் பையன்?" ஒரு குத்து.

"யாரும் இல்லக்கா" என்று தாலாட்டுப் பாடுகிற குரலில் சொன்னேன்.

"பாத்தியா, என்னிக்கும் இல்லாம எவ்ளோ மரியாதையாப் பேசுறான்! தப்பு பண்ணிக்கீறான் மாமா!" இன்னொரு குத்து.

வாழ்க்கையில் நான் நல்லவிதமாகப் பேசியது அன்றைக்கு ஒரு நாள்தான். அதையும் குற்றத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள்.

அக்கா என் மகள் பக்கம் குனிந்து அவள் வலது கையைப் பிடித்து இழுத்தாள். "எந்திரிம்மா, நம்ம வூட்டுக்குப் போலாம். உன்ன எவனும் ஒண்ணும் பண்ண முடியாது." மகள் கரண்டியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு கிளறினாள். வெங்காயம் அப்போது பழுத்த பனம்பழச் சதை நிறத்தில் இருந்தது. அடிப்பிடிக்க ஆரம்பித்தது. அவளுக்குத் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு கை கரண்டியில், இன்னொரு கை அத்தையிடம்.

"அத்தே," என்றாள், "அந்தச் சொம்புல இருந்து கொஞ்சம் தண்ணி ஊத்து."

அக்காவுக்கு என்ன ஆனதோ. அடுப்பில் ஒன்று கருகப் போகிறது என்றால் எந்தப் பொம்பளைக்கும் கை தானாகப் போகும்போல. அவள் கையை விட்டுவிட்டுச் சொம்பை எடுத்து ஊற்றினாள். சுர்ரென்று ஆவி எழுந்தது. மகள் அடியைச் சுரண்டினாள். சட்டியில் ஒட்டியிருந்த சிவப்பெல்லாம் கரைந்து வெங்காயத்தில் ஏறியது. எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டுச் சட்டியைப் பார்த்தார்கள். அடுத்து என்ன போடப் போகிறாள் என்று. அரிசியா, கறியா. பெரியவர் முட்டி வலியை மறந்து பாதி எழுந்து நின்றார்.

அவள் ஒன்றும் போடவில்லை. அடுப்பை அணைத்தாள். தட்டில் வழித்து வைத்தாள். மலை மாதிரி இருந்த வெங்காயம் ஒரு கைப்பிடிக்குக் கொஞ்சம் அதிகமாக இருந்தது. தட்டைப் போனுக்குக் காட்டினாள். பிறகு என் கையிலிருந்து போனை வாங்கி நிறுத்தினாள். என் விரல்கள் பிரியவே இல்லை. அவள்தான் ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

"இவ்ளோதானா?" என்றார் பெரியவர்.

"அவ்ளோதான் தாத்தா."

"மத்ததெல்லாம் எங்க போச்சு?"

"தண்ணியாப் போச்சு."

பெரியவர் ஒரு இழை எடுத்து வாயில் போட்டார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் முகத்தில் கோபம் போய் வேறு ஒன்று வந்தது. ஏமாற்றப்பட்டவன் முகம். "சக்கர போட்டியா?"

"இல்ல தாத்தா. அதுவாவே வந்திச்சி."

அவர் எழுந்தார். இத்தனை பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டுச் சும்மா போக முடியாது. தொண்டையைக் கனைத்துத் தீர்ப்புச் சொன்னார்: "விசேஷம் ஒண்ணுமில்லன்னு ஊரு ஏத்துக்குது. ஆனா இனிமே இந்த மாரி ஏதாவது வதக்கணும்னா, ஊருக்கு ஒரு வார்த்த சொல்ட்டு வதக்கு."

நான் கும்பிட்டேன். வேறென்ன செய்வது.

மகள் கலங்கரை விளக்கம் பக்கம் ஓடிப் போய், சிக்னல் கிடைக்கிற மணல்மேட்டில் நின்று பொழுது சாய்வதற்குள் அனுப்பிவிட்டாள். முழுசாகப் போய்ச் சேர்ந்தது என்று வந்து சொன்னாள். அந்த வீடியோவின் பாதியில் என் அக்கா கத்துகிறாள், பெரியவர் விசாரிக்கிறார், கோழி கத்துகிறது. இதைப் பார்த்து எவன் வேலை கொடுப்பான் என்று நினைத்தேன். இறால் கம்பெனி வண்டி காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று மனசு கணக்குப் போட்டது.

மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. அக்காவும் வீட்டில்தான் இருந்தாள். மகள் படித்தாள்: "வெங்காயம் சரியாக இருக்கிறது. திங்கட்கிழமை வேலைக்கு வரவும். பின்னால் யாரோ அடி வாங்குகிற சத்தம் கேட்டது. அவர் நலமா?"

"நல்லாக் கீறார்னு எழுது. அத்தோட நிறுத்து" என்றேன்.

அவள் அழுதாள். இந்தத் தடவை நறுக்குவதற்கு எதுவும் இல்லை. அக்கா சேலைத் தலைப்பால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு கேட்டாள்:

"ஏம்மா, அந்த ஓட்டல்ல எம்புள்ளைக்கும் எதுனா வேல இருக்குமான்னு கேட்டுப் பாரேன். பாத்திரம் கய்வற வேலன்னாலும் பரவால்ல."

"கேக்குறேன் அத்தே. ஆனா அவங்க வீடியோ கேப்பாங்க."

"எத்தினி கிலோ வாங்கணும்?"

நான் சட்டையை மாட்டிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குச் சொல்லப் போனேன்.